குயவர் தெருவும் ராஜாவின் மயிலும்

முன்னொரு காலத்திலே, கொன்றைமாநகரை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் கொடுத்த பட்டத்தை மாலையில் பிடுங்குவார். மறுநாள் கூப்பிட்டு இரண்டாகக் கொடுப்பார். அவர் உயிருக்குயிராய் வளர்த்த மயில் ஒருநாள் காணாமல் போயிற்று.

நகரக் காவல் தலைவன் தண்டராயன், குயவர் தெருவில் மாடக்கண்ணு என்பவனின் சூளைக்குப் பின்னால் நாலு இறகைக் கண்டான். போதாதா? அவனை இழுத்துவந்து சபையில் நிறுத்தினான்.

"ஒரு நாய் துரத்துச்சு சாமி. நான் நாயை விரட்டினேன், மயில் நொண்டிக்கிட்டே ஓடிப்போச்சு. தெருவே பார்த்துச்சு!" என்று அழுதான் மாடக்கண்ணு.

"தெருவைக் கேட்டாயிற்று மகாராஜா. அறுபது வீட்டிலும் ஒருத்தர் வாய் திறக்கவில்லை" என்றான் தண்டராயன்.

"அப்படியானால் நாடு கடத்து!" என்றார் ராஜா.

மந்திரி பொறையனாருக்குச் சுருக்கென்றது. அவர் அதே தெருவில் பிறந்தவர். மண் மிதித்த கால் மந்திரி ஆசனத்தில் ஏறியது தண்டராயனுக்கு என்றைக்குமே ஆகாது. 'வாய் திறக்காத தெருவா அது?' என்று நினைத்தார் மந்திரி. அவர் சிறுவனாக இருந்தபோது வேலாண்டி என்றொரு காவலர் வருவார். கல்யாணப் பந்தலுக்குக் கால் நட ஒரு கை கொடுப்பார். அறுத்துக்கொண்டு ஓடும் மாட்டைப் பிடித்து வருவார். அவர் தலை தெரிந்தாலே வீட்டுக்கு வீடு, "வேலாண்ணே, சாப்பிட்டுப் போங்க" என்று குரல் கேட்கும். அந்தக் குரல்கள் எங்கே போயின?

"மகாராஜா, ஒரு வேண்டுகோள். காவலர் உடுப்பைப் போட்டுக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போய் வாருங்கள். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டால், மாடக்கண்ணுவோடு நானும் நாட்டை விட்டுப் போகிறேன்."

ராஜாவுக்கு வேடம் போடுவதென்றால் கொள்ளை ஆசை. உச்சி வெயிலில் கிளம்பினார். தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் படபடவென்று கதவுகளைச் சாத்தினார்கள். நாக்கு வறண்டு திரும்பினார்.

"குடம் குடமாக வைத்துக்கொண்டு தண்ணீர் இல்லை என்கிறாள் ஒருத்தி! எனக்கே!"

"உங்களுக்கா சாத்தினார்கள்? உடுப்புக்குச் சாத்தினார்கள் மகாராஜா. எனக்கு ஒரு மாதம் கொடுங்கள். மயில் வராவிட்டால் முன்பு சொன்னபடியே நானும் போகிறேன்."

ராஜா ஒத்துக்கொண்டு, அதுவரை மாடக்கண்ணுவைச் சிறையில் வைக்கச் சொன்னார். மந்திரி காவலர்களின் தடியை வாங்கி வைத்துக்கொண்டார். தெருவுக்கு ஒரே காவலர், என்றைக்கும் அவரே. தெருவில் எல்லாருடைய பேரும் தெரியவேண்டும். மயிலைப் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாது.

"கேட்காமல் மயில் தானாக நடந்து வருமோ?" என்று சிரித்தான் தண்டராயன்.

"நீங்கள் கேட்டுத்தானே அது வரவில்லை?" என்றார் மந்திரி.

குயவர் தெருவுக்குப் போன காவலர் இருளப்பன் இரண்டு நாள் வேப்பமரத்தடியில் தனியாக நின்றான். மூன்றாம் நாள் திடீர் மழை. காய வைத்த, இன்னும் சுடாத பச்சைப் பானைகளை அள்ளி உள்ளே வைக்க ஓடினான். அவசரத்தில் இரண்டு நசுங்கிப் போயின.

"கண்ணு பிடரியிலயா இருக்கு? பானை பிடிக்கத் தெரியாதவனுக்கு என்ன காவல்!" என்று கத்திவிட்டாள் சடைச்சி என்ற கைம்பெண். கத்திய பிறகுதான் யாரைத் திட்டினோம் என்று உறைத்தது. தெருவே நடுங்கியது.

இருளப்பன் தலையைச் சொறிந்தான். "எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக்கொடுங்க அக்கா."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் சடைச்சியே அவன் பேரைக் கேட்டாள்.

ஆனாலும் நாள் ஓடியது, மயில் வரவில்லை. இருபத்தெட்டாம் நாள் மந்திரி மனம் கேளாமல் தெருவுக்குப் போனார். ஒரு காதுகுத்து வீட்டில் இருளப்பன் வாழையிலை போட்டுக்கொண்டிருந்தான். "இருளப்பா, நீயும் உட்காரு!" என்று நாலு திசையிலிருந்தும் குரல்கள். தோற்றாலும் பரவாயில்லை என்று தோன்றிற்று மந்திரிக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

அடுத்த நாள் சடைச்சி இருளப்பனைத் தனியே அழைத்தாள். "ஒண்ணு காட்டுறேன். என்னைக் கட்டி இழுத்துட்டுப் போவியா?"

"உண்மையைச் சொல்றவங்களை ஏன் அக்கா கட்டணும்?"

வைக்கோலுக்குப் பின்னால், காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய மயில்!

மறுநாள் தெருவே சபைக்கு வந்தது. "நொண்டிக்கிட்டு வந்து என் வைக்கோல்ல விழுந்துச்சு மகாராஜா. சொன்னா என்னையும் திருடின்னு சொல்லுவாங்கன்னு பயம்" என்றாள் சடைச்சி.

"துரத்திய நாய் யாருடையது?" என்றார் ராஜா.

அவள் தண்டராயனைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்தது.

"தண்டராயா, இந்த அம்மாள் பேரென்ன?" என்று கேட்டார் ராஜா.

தெரியவில்லை. அறுபது வீட்டில், மாடக்கண்ணுவைத் தவிர ஒருவர் பேரும் அவனுக்குத் தெரியவில்லை.

"மாடக்கண்ணுவை அவிழ்த்துவிடுங்கள்! பொறையனாரே, இனி நகரக் காவல் உங்கள் பொறுப்பு. தண்டராயா, நீ இருளப்பனுக்குக் கீழே ஒரு மாதம் அந்தத் தெருவைக் காவல் காக்க வேண்டும். பிறகு வீடு வீடாக நிறுத்திப் பேர் கேட்பேன்."

அப்படியே வந்து கேட்டார் ராஜா. தண்டராயன் ஐம்பத்தொன்பது வீட்டுப் பேரையும் சொல்லிவிட்டான். கடைசி வீட்டு வாசலில் மாடக்கண்ணு நின்றிருந்தான். பேர் தெரியும், ஆனால் சொல்ல நா எழவில்லை. தலையைத் தொங்கப் போட்டான்.

"மாடக்கண்ணுங்க, ஐயா" என்று மாடக்கண்ணுவே தண்டராயனிடம் சொன்னான். "வெயில்ல நிக்காதீங்க. உள்ளே வாங்க."