அடுப்போரப் பாய்

ஆங்கிலேயர் அமெரிக்காவில் குடியேறி ஆண்ட காலம். ஆற்றோரத்தில் பெரும் பண்ணை வைத்திருந்தார் ஆம்ப்ரோஸ் கெல்லி. அங்கிருந்த பூர்வகுடிகளான இரோகுவா மக்களிடம் அரசனின் தூதரும் அவரே. எதையும் துருவித் துருவிக் கேட்கிற மனிதர். அந்த மக்களின் சபையில் எப்படிப் பேசுவது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்று ஏழு வருடமாக அவருக்குக் கற்றுத்தந்தவர் அவர்களில் ஒருவரான கரோன்யோ. குரு வயதில் இளையவர். கெல்லி அதைப் பொருட்படுத்தியதில்லை.

அந்த வசந்தத்தில் கெல்லியின் குத்தகைக்காரன் ஒருவன் இரோகுவா வேட்டைக்காரன் ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிட்டான். சமாதானம் ஆகாவிட்டால் போர்தான்.

கெல்லி சபைக்குப் போனார். கற்ற துக்கச் சடங்கைப் பிசகாமல் செய்தார். சிப்பி மணிச் சரம் ஒன்றைக் கொடுத்து, "உங்கள் கண்ணீரைத் துடைக்கிறேன்" என்றார். அடுத்த சரத்தைக் கொடுத்து, காதின் அடைப்பை நீக்குவதாகச் சொன்னார். மூன்றாவதைக் கொடுத்து, தொண்டையின் அடைப்பை. பிறகு கம்பளிகளையும் செம்புப் பாத்திரங்களையும் குவித்தார்.

இறந்தவனின் தாய் சரங்களை வாங்கிக்கொண்டாள். கம்பளிகளைத் தொடவே இல்லை. எழுந்து போய்விட்டாள்.

கெல்லி குருவைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கே தப்புச் செய்தேன்?"

"தப்பே இல்லை."

"கம்பளி போதவில்லையா?"

கரோன்யோ அவரை அவளுடைய மரப்பட்டை வீட்டுக்கு அழைத்துப்போனார். அவள் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பாய் விரித்துக் கிடந்தது.

"இதில் யார் படுப்பார்கள்?" என்றார் கெல்லி.

"அவள் மகன். இனி வருகிறவர். இறந்தவனின் பெயரையும் இடத்தையும் ஏற்க ஓர் ஆளைக் கேட்பது எங்கள் வழக்கம். வருகிறவர் அவளுக்கு மகன். வேட்டையாடிப் போடவேண்டும். அவள் சொல்லைத் தட்டக்கூடாது."

இப்படியும் ஒரு வழக்கமா என்று கெல்லிக்கு ஆர்வம் பொங்கியது. பயம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

"யாரைக் கேட்கிறாள்?"

"உங்களை."

"என்னையா? நான் அரசனின் தூதன். சுட்டவன் வேறொருவன். நான் மறுத்தால்?"

"எங்கள் இளைஞர்கள் நாளைக் காலை கிளம்பிவிடுவார்கள்."

"இத்தனை பேர் இருக்க, ஏன் என்னை?"

கரோன்யோ பாயின் மடங்கிய ஓரத்தை நீவிவிட்டார்.

"நிலம் கேட்டு வந்தபோதெல்லாம் எங்களை உடன்பிறந்தவர்களே என்றுதான் அழைத்தீர்கள். நம்பித்தான் கொடுத்தோம். செத்தவனும் நீங்கள் அப்படி அழைத்த கூட்டத்தில் இருந்தான். அப்படியென்றால், இவள் உங்களுக்கு யார்?"