ஆற்றங்கரைப் பந்தி

வெள்ளாங்கழி நகரில், ஆறு கடலைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே, தையல்நாயகி அம்மை ஒரு சின்ன மடம் நடத்திவந்தார். வந்தவர்க்கெல்லாம் மத்தியானம் சோறு உண்டு. கேள்வி கேட்டவர்க்கு எப்போதாவது பதில் உண்டு.

அவருடைய மாணவர் திருமேனி, அம்மையைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நகராட்சியின் தலைமைப் பொறியாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் மடத்துக்கு வந்து காய் நறுக்குவார், பந்தி பரிமாறுவார்.

அன்று வேலை நாள். ஆனாலும் வந்தார். கக்கத்தில் சுருட்டிய வரைபடம். மூச்சு வாங்கியது.

“கரையைப் புதுப்பிக்க அனுமதி வந்துவிட்டது, அம்மா.”

“உட்காருங்கள்.”

“உட்காரத் தோன்றவில்லை” என்றார் திருமேனி.

அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. கரை பல வருடங்களாகப் பாழாய்க் கிடந்தது. உப்பு சேமிக்கும் பழைய கிடங்குகளான கிட்டங்கிகள் வௌவால் அடைந்து நின்றன. ஊர்க் குப்பையெல்லாம் அங்கேதான் வந்து சேர்ந்தது. அக்கரையிலிருந்து வரும் தோணிகள் ஒதுங்க ஒரு துறை கிடையாது. சேற்றில் இறங்கித்தான் ஏற வேண்டும். போன மழைக்காலத்தில் ஒரு தோணி சாய்ந்து, ஒருவர் உயிர் போயிற்று.

“அப்படியானால் கட்ட வேண்டியதுதானே” என்றார் அம்மை.

“அங்கேதான் சிக்கல்.” திருமேனி வரைபடத்தைத் தரையில் விரித்தார். “இதில் நான் ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் மண் கொட்டி, சுவர் எழுப்பி, கடைகள், நடைபாதை, படகுத்துறை. அந்தப் பக்கம் ஆறு. கோட்டைத் தண்ணீர் விளிம்பிலேயே போடச் சொல்கிறார்கள் வியாபாரிகள். அப்படிப் போட்டால் கரையோர அலையாத்திக் காடு முழுக்க மண்ணுக்குள் போய்விடும். இறால் குஞ்சு அங்கேதான் வளர்கிறது, கோடே போடாதே என்கிறார்கள் மீனவர்கள். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கிறது. போட்டுப் போட்டு அழிக்கிறேன்.”

“எப்போது முடிக்க வேண்டும்?”

“சித்திரைப் பௌர்ணமிக்கு மறுநாள் கையெழுத்து. மண் லாரிகள் இப்போதே வந்து நிற்கின்றன. ஊருக்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு? நீங்கள் சொன்னால் அப்படியே போட்டுவிடுகிறேன்.”

அம்மை வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பௌர்ணமி அன்று சாயங்காலம் ஊருக்கே சோறு போடலாமா?”

“எங்கே?”

“கரையில்தான். எங்கெங்கே கடை வருமோ, எங்கெங்கே நடைபாதை வருமோ, அங்கெல்லாம் மேஜை போடுங்கள்.”

திருமேனிக்கு முகம் மலர்ந்துவிட்டது. காகிதத்தில் இருந்த ஊரில் உண்மையான ஊர் வந்து உட்காரப்போகிறது.

அந்த வாரம் வெள்ளாங்கழியில் வேறு பேச்சில்லை. வியாபாரிகள் அரிசி அனுப்பினார்கள். மீனவர் தெருக்காரர்கள் வந்து குப்பையை வாரினார்கள். கல்யாண மண்டபங்களிலிருந்து நீள நீளமான மர மேஜைகளும் பெஞ்சுகளும் வந்து இறங்கின. சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் சேர்ந்து பந்தல் கால் நட்டார்கள்.

பௌர்ணமி அன்று வெயில் தாழ்ந்ததும் கூட்டம் வந்துவிட்டது. தண்ணீரை ஒட்டிய முதல் வரிசை பெரியவர்களுக்கு. வியாபாரிகள் சங்கத் தலைவர் காதர் மொய்தீன் நடுவில் உட்கார்ந்தார். அவருக்கு நேர் எதிரே மரியஜெயா. மீன் ஏலம் எடுப்பவர். இந்தத் திட்டத்தை எதிர்த்து நகராட்சி வாசலில் உட்கார்ந்தவர். வேறு இடம் கிடைக்காததால் அங்கே உட்கார்ந்திருந்தார்.

திருமேனி சாம்பார் வாளியோடு வரிசை வரிசையாக ஓடினார்.

கடல் பக்கம் நிலா எழுந்தது. அதோடு தண்ணீரும் ஏறியது.

முதலில் காதர் மொய்தீனின் செருப்பு மிதந்து போனது. குனிந்து தேடினார். நிமிர்ந்தபோது கணுக்கால்வரை ஆறு. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கூட்டம் இலையைக் கையில் ஏந்திக்கொண்டு எழுந்தது. சிலர் மேட்டுக்கு ஓடினார்கள். சிலர் நின்ற இடத்திலேயே தண்ணீரில் நின்று சாப்பிட்டார்கள். கிட்டங்கியின் கல்மேடை உயரமாக இருந்தது. அதன் மேல் ஊரில் பாதி ஏறிக்கொண்டது.

கடைசியாக ஏறிய காதர் மொய்தீனுக்கு ஓர் இடம்தான் மிச்சம். மரியஜெயாவுக்குப் பக்கத்தில்.

“இந்தக் கிட்டங்கியைத்தான் இடிக்கச் சொன்னேன்” என்றார் அவர், மேடையைத் தடவி.

“தெரியும்.”

“நல்ல காத்து வருது இங்க.” சோற்றைப் பிசைந்தபடி சுற்றிலும் பார்த்தார். “உள்ள எவ்வளவு இடம் இருக்கும்?”

“ஒரு சந்தையே போடலாம்” என்றார் மரியஜெயா.

அப்போது அக்கரைத் தோணி வந்தது. விருந்துக்குத் தாமதமாக வந்தவர்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவர் மரியஜெயாவின் அக்கா செல்லம். முட்டி வலிக்காரர். தோணி சாய்ந்த அன்று அதில் இருந்து பிழைத்தவர். அதன் பிறகு இந்தப் பக்கமே வந்ததில்லை.

தோணி கல்மேடையை எட்டாமல் வெகு தூரத்திலேயே தரைதட்டி நின்றுவிட்டது. அடியில் சேறு. செல்லம் தோணியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“நான் இறங்க மாட்டேன்” என்றார். “திருப்புங்க.”

மரியஜெயா இலையை வைத்துவிட்டுத் தண்ணீரில் குதித்தார். மிதக்கத் தொடங்கியிருந்த மேஜை ஒன்றைப் பிடித்து இழுத்து, கால்களைச் சேற்றில் அழுத்தி ஊன்றினார். காதர் மொய்தீன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி அடுத்த மேஜையை இழுத்தார். பிறகு யார் யாரோ இறங்கினார்கள். மேஜைக்கு அப்பால் மேஜையாக, தோணியிலிருந்து கல்மேடைவரை ஒரு பாதை நீண்டது. அதன் அடியில் ஆறு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

செல்லம் தங்கையின் தோளைப் பிடித்தபடி மேஜையில் காலை வைத்தார். அது ஆடவில்லை. அடுத்த காலையும் வைத்தார். கால் நனையாமல் அவர் கல்மேடையில் ஏறியதும் எழுந்த ஆரவாரத்தில் கிட்டங்கி வௌவால்களெல்லாம் கலைந்து பறந்தன.

அக்காவை உட்கார வைத்துவிட்டு மரியஜெயா திருமேனியிடம் வந்தார். சேலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

“ஐயா, இத எடுக்காம அப்படியே வைக்க முடியுமா?”

திருமேனி வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். மேஜைகளின் அடியில் குனிந்து பார்த்தார். கையை விட்டுப் பார்த்தார். கால்களுக்கு நடுவே தண்ணீர் தடையில்லாமல் அலையாத்திக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் மண் லாரிகளைத் திருப்பி அனுப்பினார். கோபப்பட்ட ஒப்பந்தக்காரரிடம், “மண் வேண்டாம், மரம் கொண்டுவாருங்கள், எவ்வளவு நீளமாகக் கிடைக்கிறதோ அவ்வளவு நீளமாக” என்றார். அங்கிருந்து நேராக மடத்துக்கு ஓடினார்.

அம்மை நேற்றைய அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“கட்டப்போகிறோம், அம்மா. துறை, நடைமேடை எல்லாம் கால்கள் மேல். கிட்டங்கிகளை இடிக்கவில்லை. சந்தை அங்கேயே. காதர் மொய்தீன் இப்போதே கதவுக்கு அளவு எடுக்கிறார். காட்டை யாரும் தொடப்போவதில்லை.” வார்த்தைகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. “தண்ணீர் வரும் என்று உங்களுக்குத் தெரியும்.”

“பௌர்ணமிக்குத் தண்ணீர் ஏறும் என்று உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். சுவர் கட்டினால் வராது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.”

அம்மை சிரித்தார். திருமேனியும் சிரித்தார். பிறகு அவர் முகம் கொஞ்சம் மாறியது.

“இருந்தாலும் ஒரு பயம். துறை வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் இன்னும் ஒரு மேடை கேட்பார்கள், இன்னும் ஒரு கடை கேட்பார்கள். எனக்குப் பிறகு வருபவருக்கு நான் என்ன எழுதி வைப்பது? ஊருக்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.”

அம்மை அண்டாவைக் கவிழ்த்து வைத்தார்.

“நேற்று பரிமாறினீர்களே. யாருக்கு எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொண்டா பரிமாறினீர்கள்?”

“இல்லை, அம்மா. ஒவ்வொருவர் இலையையும் பார்த்துப் பார்த்துப் போட்டேன்.”

“ஆறும் பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறது, திருமேனி. அதன் இலையையும் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.”