வாத்து நடந்த வாய்க்கால்

அந்தக் காலத்து ராஜா வெட்டினது வாய்க்கால். கான்ட்ராக்டர் தணிகாசலம் வெட்டினது குட்டை. வேலங்குடி வாய்க்காலை முழுசும் தூர்வாரச் சர்க்கார் பணம் கொடுத்தது. அவரோ திறப்பு விழாப் பந்தலுக்கு முன்னால் மட்டும் தோண்டி, இரண்டு பக்கமும் மண்ணால் அடைத்து, லாரித் தண்ணீரை ஊற்றி, அடைப்பைப் பேனர் கட்டி மறைத்துவிட்டார். கடைமடை வயல்கள் காய்ந்து கிடந்தன.

விழாவுக்குக் கலெக்டரம்மா வருகிற அன்று, வாத்து மேய்க்கும் பூங்காவனத்தைத் தணிகாசலம் கூப்பிட்டார்.

"உன் வாத்தெல்லாம் இதுல அழகா நீந்தணும். ஒண்ணு கரையேறினாலும் இந்த ஊர்ல நீ மேய்க்க முடியாது!"

"நான் கூப்பிடாம ஒண்ணும் ஏறாதுங்க."

வாத்துகள் நீந்தின. கலெக்டர் கைதட்டினார். தணிகாசலம் மீசையைத் தடவிக்கொண்டார். "கடைமடை வரைக்கும் இதே தண்ணிதான், மேடம்!"

"அப்படீங்களா? அப்போ அங்கேயே போய் மேயட்டும்," என்ற பூங்காவனம், பேனருக்கு அப்பால் போய் நின்று, "பா... பா... பா..." என்று குரல் கொடுத்தாள்.

வாத்துகள் அடைப்பில் ஏறி, பேனருக்கடியில் நுழைந்து, காய்ந்த வாய்க்காலில் புழுதி பறக்க வரிசையாக நடந்தன. கலெக்டர் பேனரைத் தூக்கிப் பார்த்தார்.

"நீந்தப் பழக்கலையாடி?" என்று தணிகாசலம் பல்லைக் கடித்தார்.

"பழக்கியிருக்கேங்க. தண்ணியில்லாத இடத்துல நீந்தத்தான் இன்னும் பழக்கலை."

கலெக்டர் வாத்துகளின் பின்னாலேயே கடைமடை வரை நடந்தார். கால் நனையவில்லை. தணிகாசலத்தின் பில் அன்றே நின்றது; வேலை வேறு கைக்குப் போனது.

அடுத்த ஆடியில் மறுபடியும் விழா. கத்தரிக்கோலை நீட்டினார்கள். கலெக்டர் தொடவில்லை.

"முதல்ல வாத்தை விடுங்க."

வெகுநேரம் கழித்துக் கடைமடையிலிருந்து பூங்காவனம் போன் செய்தாள்.

"எல்லாம் வந்துடுச்சும்மா. ஒண்ணுகூட நடந்து வரலை!"

அப்புறம்தான் ரிப்பன் வெட்டினார்.