அஞ்சு விரல் மனு

தூத்துக்குடிக்கு வடக்கே, கடலோரத்தில் உப்பளத்துப் பெண்கள் கட்டிய சங்கம் ஒன்று இருந்தது. அதைத் தொடங்கியவள் சந்தனமாரி. இருபத்து நாலு வருஷம் தலைவியாக இருந்துவிட்டு, போன தை மாசக் கூட்டத்தில் அவளே எழுந்து நின்றாள்.

"உப்பு வெளிச்சத்துல கண்ணு மங்கிட்டு. இனிமே ஜெபராணி பாக்கட்டும்."

வேண்டாம் என்று ஒருத்தியாவது அழுவாள் என்று பார்த்தாள். எல்லாரும் கைதான் தட்டினார்கள்.

எட்டு மாசமாகியும் அந்தக் கைதட்டல் அவள் காதை விட்டுப் போகவில்லை.

போன வாரம் சங்கத்தார் அத்தனை பேருக்கும் ரப்பர் பூட்ஸ் வந்தது. உப்புத் தண்ணீர் பாதத்தை அரிக்காமல் காக்கிற பூட்ஸ். சந்தனமாரி பதினோரு வருஷம் கேட்டும் கிடைக்காதது, ஜெபராணி கேட்டுக் கிடைத்துவிட்டது. சந்தனமாரிக்கும் ஒரு ஜோடி கொடுத்தனுப்பியிருந்தாள். போட்டுப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. இதுவரை இடைக்காலமாகப் பொறுப்பைப் பார்த்துவந்த ஜெபராணியை மூன்று வருஷத்துக்குத் தலைவியாக வைப்பதா என்று கை தூக்கிச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னால், உச்சி வெயிலில், சந்தனமாரி தவசிமுத்து வாத்தியாரின் ஜெராக்ஸ் கடைக்கு நடந்தாள்.

வாத்தியார் அவளைவிடப் பதினோரு வயது இளையவர். அவளுக்கு முப்பத்தொன்று ஆனபோது இருபது வயதுப் பையனாக வந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். எழுதத் தெரியாதவர்களுக்கு மனுவை விரலில் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். பெருவிரல், யாருக்குப் பாதிப்பு. ஆட்காட்டி விரல், யாரால். நடுவிரல், என்ன நடந்தது. மோதிர விரல், எப்போதிருந்து. சுண்டு விரல், என்ன வேண்டும். அஞ்சுக்கும் பதில் சொல்லிவிட்டால் மனு முடிந்தது.

அதன் மேல் சந்தனமாரி ஒரு சட்டம் சேர்த்தாள். எழுதியதைச் சத்தமாக வாசித்துக் கேட்காமல் யாரும் ஒப்பம் போடக் கூடாது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாள்களில் கைநாட்டு வைத்துத்தான் அந்த ஊர்ப் பெண்கள் அதுவரை ஏமாந்தார்கள்.

"வாங்கக்கா. இந்த வெயில்லயா நடந்து வந்தீங்க?"

"பொதுக்குழுவுல வாசிக்க ஒரு மனு எழுதணும் சார்."

"உங்களுக்கே எழுத வருமே."

"கை நடுங்குது."

"கண்ணுதான மங்குச்சுன்னீங்க?"

வாத்தியார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பெருவிரலை நீட்டினார்.

"எனக்கேவா விரல் காட்டுதீங்க?" அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"யார் வந்தாலும் விரல்தான். யாருக்குப் பாதிப்பு?"

"எனக்கு."

எழுதினார். ஆட்காட்டி விரலை நீட்டினார்.

"ஜெபராணியால." வாயிலேயே வைத்திருந்ததுபோல் வந்தது.

நடுவிரல். "என்ன செஞ்சா?"

"என்ன செய்யல? பூட்ஸ் வாங்கிக் குடுத்திருக்கா."

வாத்தியார் எழுதினார்.

"இதைப் போய் எழுதுதீங்களே சார்."

"சொன்னதைத்தான் எழுதணும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது."

"அப்ப முழுசாக் கேளுங்க. பதினோரு வருஷம் நான் ஏறி இறங்கி ஆபீஸ் படி தேஞ்சு போச்சு. இவ ஏழே மாசத்துல, புண்ணான காலையெல்லாம் செல்போன்ல படம் எடுத்து எங்கயோ அனுப்பி வாங்கிட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"ஏழு மாசம்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "அப்புறம்?"

"கூட்டத்துல என்னைய நாற்காலியில உக்கார வைக்கா. எல்லாரும் பாயில. நான் மட்டும் கொலு பொம்மை மாதிரி மேல."

"முட்டி வலிக்குன்னு சொன்னீங்களோ?"

"வலி எனக்கு. அவள யாரு கவனிக்கச் சொன்னா?"

அதையும் எழுதினார்.

"உப்புப் பாத்தியில குருவம்மா மயங்கி விழுந்துட்டா. முன்னயெல்லாம் யாரு விழுந்தாலும் என் வீட்டுக்குத்தான ஓடி வருவாளுவ? இப்ப ஜெபராணிக்குப் போன் போடுதாளுவ. எனக்கு மறுநாள்தான் தெரியும்."

"குருவம்மா எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா. அரை மணி நேரத்துல ஆஸ்பத்திரியில சேத்துட்டாளாம்."

சொல்லி முடித்தபோது சந்தனமாரியின் வாய் கோணிக்கொண்டது. பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

"சாட்சி இருக்கா?"

"ஏன் இல்லாம? முந்தாநாள் என்னைய ரோட்டுல நிப்பாட்டிச் சொன்னாரு. 'நீங்க இருந்த வரைக்கும்தாம்மா சங்கம் சங்கமா இருந்துச்சு. இந்தப் பிள்ளைகிட்ட ஒண்ணும் பேச முடியல'ன்னு."

அதைச் சொல்லும்போது அவள் முகம் கொஞ்சம் மலர்ந்திருந்தது.

"யாரு சொன்னது?"

சந்தனமாரி ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"கங்காணி," என்றாள்.

முதலாளிக்காக உப்பளத்தை மேய்க்கிற ஆள். இருபத்து நாலு வருஷமும் அவளை 'ஏட்டி' என்று கூப்பிட்டவன். முந்தாநாள்தான் முதல் முதலாக 'அம்மா' என்றான்.

"சாட்சி, கங்காணி," என்று எழுதிவிட்டு மோதிர விரலை நீட்டினார் வாத்தியார்.

"தை மாசத்துல இருந்து." தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "கை தட்டுனாளுவல்லா, அப்ப இருந்து."

பிறகு சுண்டு விரல் நீண்டது. "என்ன வேணும்?"

அதற்கான பதிலை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார். நாப்பது கை எனக்குத் தூக்கும். வீடு வீடாக் கேட்டுட்டேன்."

"மிச்சக் கை?"

"அவளுக்கு."

"சரி. 'சங்கத்தை ரெண்டாக்கித் தர வேண்டும்'னு எழுதட்டுமா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"அப்ப நீங்களே சொல்லுங்க."

சுண்டு விரல் அப்படியே நின்றது. வெளியே ஒரு உப்பு லாரி போய், அதன் புழுதியும் அடங்கிவிட்டது.

வாத்தியார் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"ஒப்பம் போடுங்க. வாசிச்சிட்டுப் போடுங்க."

"நீங்களே வாசிங்களேன் சார்."

"ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் நீங்கதான வாசிக்கணும்? இன்னைக்கு நான் ஒருத்தன்தான கேக்கேன்."

அவள் தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து வாசித்தாள். கூட்டத்தில் பேசிப் பழகிய குரல், முதல் இரண்டு வரியும் கணீரென்று வந்தது. பூட்ஸ் வந்த இடத்தில் தணிந்தது. நாற்காலியில் இன்னும் தணிந்தது. குருவம்மா ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அது அவள் காதுக்கே சரியாக எட்டவில்லை.

"ஒரு வரி விட்டுட்டீங்க."

"எது?"

"சாட்சி."

அதையும் வாசித்தாள். வாசித்துவிட்டுத் தாளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். பேனாவைக் கையில் எடுத்தவள் அதன் மூடியைத் திறக்கவில்லை.

வாத்தியார் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவள் முன்னால் வைத்தார். அவள் குடிக்கவில்லை.

"சார்."

"சொல்லுங்க."

"சங்கத்தோட முதல் மனுவை நானே எழுதி, உங்ககிட்டக் காட்டாமலே கொண்டுபோய்க் குடுத்தேன். மறுநாள் ஊரே என்னையத் தூக்கி வச்சிப் பேசிச்சு. எழுத்துச் சொல்லிக் குடுத்தவர் பேரை நானும் எடுக்கல, எவளும் எடுக்கல." சந்தனமாரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கு உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணுச்சு. மனு எழுதினேன்."

"யாரு மேல?"

வாத்தியார் ஆட்காட்டி விரலை அவள் பக்கம் நீட்டினார்.

"என் மேலயா? எனக்குத் தெரியவே தெரியாதே. யார்கிட்டக் குடுத்தீங்க?"

"குடுக்கலக்கா," என்றார் வாத்தியார். "ஒப்பம் போடுறதுக்கு முன்னால வாசிச்சுப் பாத்தேன்."