தூர்த்த ஊற்றும் மௌன அஞ்சலியும்

குளத்துக் காட்டுக்கும், காய்ந்து கருகிப்போன தெற்குக் காட்டுக்கும் நடுவே ஒரு பெரிய மணல்வெளி இருந்தது. அதன் மத்தியில் ஒரே ஒரு ஊற்று. தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வரும் விலங்குகள் அந்த ஊற்றை நம்பித்தான் புறப்படும்.

வருகிறவர்கள் பெருகவே, குளத்துக் காட்டின் தலைவரான எருமை சபையைக் கூட்டியது. நரி ஒரு யோசனை சொன்னது.

"தலைவரே, அந்த ஊற்றைத் தூர்த்துடுவோம்! நடுவழியில தண்ணி இல்லேன்னா எவன் கிளம்புவான்?"

"பிரமாதம்!" என்றது எருமை.

மணல்வெளியின் ஓரத்தில் குடியிருந்த கல்கவுதாரிப் பறவையும் சபைக்கு வந்திருந்தது. அதற்கு எரிச்சல் தாங்கவில்லை.

"தூர்த்தது தெற்கே இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? தண்ணி இருக்குன்னு நம்பித்தானே வருவாங்க!"

"நீ பறவை. உனக்கு இதெல்லாம் புரியாது" என்று நரி அதன் வாயை அடைத்தது.

ஊற்றைத் தூர்த்தார்கள். தெற்கிலிருந்து வருகிறவர்கள் நிற்கவா செய்தார்கள்? ஊற்று இருந்த இடத்துக்கு வந்து, மணலைக் காலால் கிளறிப் பார்த்து, அங்கேயே விழுந்தார்கள்.

கல்கவுதாரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண் பறவை குளத்தில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு போய்க் குஞ்சுகளுக்குத் தண்ணீர் ஊட்டும். இப்போது இந்தக் கல்கவுதாரி, விழுந்தவர்களுக்கும் அப்படியே சுமக்கத் தொடங்கியது. குஞ்சுக்குப் போதுமான தண்ணீர் ஒரு மாட்டுக்கு எந்த மூலைக்கு? ஆனாலும் சும்மா இருக்க அதற்கு மனம் வரவில்லை.

ஒரு நாள் உச்சி வெயிலில், தூர்ந்த ஊற்றின் மேல் ஒரு பெண்மான் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் அதன் குட்டி.

"இங்கே ஊற்று இருந்துச்சே, அண்ணே?" என்று மான் ஈனக்குரலில் கேட்டது.

கல்கவுதாரிக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. "முதல்ல இந்தத் தண்ணியைக் குடிம்மா!"

"குட்டிக்குக் கொடுங்க அண்ணே. எனக்கு அப்புறம் பார்த்துக்கலாம்."

குட்டி நனைந்த இறகை ஆவலாகச் சப்பியது. கல்கவுதாரி பறந்துபோய் மறுபடி தண்ணீர் கொண்டுவருவதற்குள் தாயின் மூச்சு நின்றுவிட்டது. அந்தத் தண்ணீரையும் குட்டிக்கே ஊட்டியது. குட்டிக்கு எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை. அதைத் தூக்கிவர ஒரு பலசாலி வேண்டும். கல்கவுதாரி விழுந்தடித்துச் சபைக்குப் பறந்தது.

"தலைவரே, ஒரு மான் செத்துப்போச்சு! குட்டி இன்னும் உயிரோட இருக்கு. நீங்க வந்து முதுகில ஏத்திக்கிட்டு வந்தா பிழைச்சுக்கும். சீக்கிரம்!"

எருமையின் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது. "ஐயோ பாவம்! ஆனா, அதை நாங்களா கொன்னோம்? வெயில்தானே கொன்னுச்சு?"

"வெயில் எப்பவும் இருந்துச்சு. ஊற்றைத் தூர்த்தது யாரு?"

"யாரு அவங்களைக் கிளம்பச் சொன்னது?" என்று நரி சீறியது.

"சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். குட்டி அங்கே துடிக்குது, யாராவது வாங்க!"

"பொறு தம்பி, எதுக்கும் ஒரு முறை இருக்கு" என்றது எருமை. "முதல்ல இறந்துபோன தாய்க்கு அஞ்சலி செலுத்துவோம். எல்லாரும் எழுந்து நில்லுங்க!"

அத்தனை பேரும் எழுந்து, தலைகுனிந்து மௌனமாக நின்றார்கள்.

"அட, உங்க மௌனத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க!" என்று கத்திவிட்டுக் கல்கவுதாரி குளத்தில் பாய்ந்தது. வயிற்றை நனைத்துக்கொண்டு, மூச்சு முட்ட மணல்வெளிக்குப் பறந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அது திரும்பியபோது சபை இன்னும் கலையவில்லை. அடுத்து வேலி போடுவது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"என்ன தம்பி, குட்டி தண்ணி குடிச்சுதா?" என்று எருமை அன்போடு கேட்டது.

கல்கவுதாரி நனைந்த இறகை எருமையின் காலடியில் உதறியது. "இதைக் குடிக்க அங்கே யாரும் இல்லை."

எருமை நீண்ட பெருமூச்சு விட்டது. பிறகு சபையைப் பார்த்துச் சொன்னது: "எல்லாரும் இன்னொரு முறை எழுந்து நில்லுங்க!"

உயிரோடு இருப்பவரின் தண்ணீரைப் பறித்தவர்கள், அவர் செத்த பிறகு எத்தனை முறை எழுந்து நின்றாலும் அந்தப் பழி அவர்களை விட்டுப் போகாது.