இறகு முளைக்கும் மாதம்

நாச்சியாரம்மாளைப் பொறுமைசாலி என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. ரைஸ்மில்லுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் ஏழெட்டுக் கோழிகளோடு இருந்தார். மனக்குறையோடு வருகிறவர்களைத் திட்டித்தான் அனுப்புவார். திட்டு வாங்கியவர்கள் மறுவாரமும் வந்தார்கள்.

மாசிலாமணி தினமும் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நாச்சியாரம்மாளையே குருவாக ஏற்றவர், குருவைவிட வயதில் மூத்த சீடர். கேள்வி கேட்காமல் அவரால் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. அந்த ஐப்பசியில் அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது.

"என் பொண்ணு எப்பம்மா என்கிட்ட பேசுவா?"

மகள் சுடர்க்கொடி, புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு திரும்பி வந்திருந்தாள். வந்தவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நீங்க என்ன பண்றீங்க?" என்றார் குரு.

"கதவைத் தட்டுறேன். சாப்பிட்டியா, அங்க என்னதான் நடந்துச்சு, அப்பாகிட்ட சொல்லும்மான்னு கேக்கிறேன். வெளிய வந்தா தலையைத் தடவிக் கொடுக்கிறேன். கையை உதறிடுறா."

"அப்புறமும் கேக்கிறீங்க."

"கேக்காம இருக்க முடியுதா? நேத்து சொல்லிட்டா. இன்னொரு தடவை தட்டினா ஹாஸ்டலுக்குப் போயிடுவாளாம். அப்புறம் இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டாளாம். நான் பாசத்துலதானேம்மா கேக்கிறேன்?"

குரு தலையில் கை வைத்துக்கொண்டார். "எழுந்து போய்க் கோழிக்குத் தண்ணி வைங்க. அதையாவது ஒழுங்கா செய்ங்க."

கொல்லையெங்கும் இறகு சிதறிக் கிடந்தது. மழைக்காலம் தொடங்கும்போது கோழிகள் இறகு உதிர்க்கும், முட்டையையும் நிறுத்திக்கொள்ளும். கருப்பி என்ற கோழி ரொம்பவே உதிர்த்திருந்தது. கழுத்திலும் முதுகிலும் தோல் தெரிய, மூலையில் ஒடுங்கி நின்றது.

மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "அடடா, என்ன கண்ணு ஆச்சு உனக்கு?" என்று கருப்பியை வாரியெடுத்து மார்போடு அணைத்தார். முதுகைத் தடவினார். அது வீரிட்டுக் கத்தித் திமிறியது. அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். ஒருவழியாக அது கையிலிருந்து நழுவிக் குதித்து ஓடியது.

"அம்மா, கொத்திடுச்சு!" கட்டைவிரலில் ரத்தம். "பாவம்னு எடுத்தா கொத்துது பாருங்க."

குரு கொல்லைக்கு வந்தார். "கையைக் கழுவுங்க."

கழுவினார்.

"காயத்தைக் காட்டுங்க."

மாசிலாமணி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புறங்கையைப் பார்த்தார். எங்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"அப்போ அது யாரு ரத்தம்?"

அவர் கருப்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"புது இறகு முளைக்குதுய்யா அதுக்கு. முள்ளு முள்ளா வரும், ஒவ்வொண்ணுக்குள்ளயும் ரத்தம் ஓடும். தொட்டாலே உயிர் போகும். நீங்க கட்டிப்பிடிச்சுக் கொஞ்சி ஒண்ணை ஒடிச்சே விட்டுட்டீங்க. தண்ணி வைங்கன்னா தண்ணி மட்டும் வைக்க மாட்டீங்களா?"

குரு மஞ்சள்தூளை எடுத்து வந்து, கருப்பியைப் பிடிக்காமல், எட்ட நின்றே அதன் முதுகில் தூவினார்.

"அந்தச் செவலையைப் பாருங்க."

ஒரு செவலைக் கோழி கருப்பிக்குச் சற்றுத் தள்ளி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. சேவல் கருப்பியைக் கொத்த வந்தபோது செவலை நடுவில் வந்து நின்றது. சேவல் விலகிப் போனதும் மறுபடி கிளறியது.

"அஞ்சாறு நாளா இங்கேயேதான் கிடக்கு. ஒரு தடவையாவது அதைத் தொட்டுச்சா?"

மாசிலாமணி கழுவிய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியது.

"அப்போ சுடர்க்கொடியை அப்படியே விட்டுடணுமாம்மா?"

குரு வேலியோரம் கிடந்த ஒரு கல்லைக் காட்டினார். "உட்காருங்க."

உட்கார்ந்தார். கருப்பி கழுத்தைத் தூக்கி அவரைப் பார்த்தது.

"இன்னும் கொஞ்சம் தள்ளி."

நகர்ந்தார்.

"இன்னும்."

மாசிலாமணி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தலை குனிந்தபடி வாசலைப் பார்த்து நடந்தார்.

"யோவ்!" என்று கத்தினார் குரு. "தள்ளித்தான் உட்காரச் சொன்னேன். போகச் சொன்னேனா?"