பொய் எழுதாத பேனா

கடைசல் பட்டறை இசக்கி மரத்தில் மயிலும் மீனுமாகப் பேனா கடைவாள். எச்சில் கையால் காக்காய் ஓட்டாத பண்ணையார் தீத்தாரப்பன் ஒருநாள் வந்து நின்றார்.

"பொய் எழுதாத பேனா ஒண்ணு கடைஞ்சு தா. இல்லன்னா என் இடத்தைக் காலி பண்ணு."

இசக்கி அசரவில்லை. மயில் பேனா ஒன்றைக் கடைந்து, மெருகேற்றி, ஊர்க்கூட்டத்தில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

புதுப் பேனா கைக்கு வந்தால் யாரும் முதலில் தம் பெயரைத்தானே எழுதிப் பார்ப்பார்கள்? பண்ணையாரும் வழக்கம்போல் பட்டத்தோடு எழுதினார்: 'கொடைவள்ளல் தீத்தாரப்பன்'.

"எல்லாப் பேனா மாதிரிதானே இதுவும் எழுதுது!" என்று எகிறினார்.

"எழுதினதுல எது பொய்னு சொல்லுங்கய்யா, வேற கடைஞ்சு தாரேன்" என்றாள் இசக்கி.

கூட்டம் மொத்தமும் அவர் வாயையே பார்த்தது. பண்ணையார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"நல்லாத்தான் கடைஞ்சிருக்கே."